14 வயதோடு நிற்கும் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்பேசி வந்தபின் பிள்ளைகளின் குழந்தைப் பருவமே பறிபோய்விட்டது என்று வாசகர் பகுதியில் அடிக்கடி வருந்தி எழுதுகிறார்கள். வருத்தத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தப் பருவம் எல்லாப் பிள்ளைகளுக்கும் எப்போது வாய்த்திருந்தது என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்மூர் மீனாட்சியம்மையைக் குழந்தையாக்கிக் குமரகுருபரர் பாடிய பிள்ளைத்தமிழையே எடுத்துக்கொள்வோம். காப்பு முதல் அம்புலி வரையிலான ஏழு பருவங்கள் இரு பாலாருக்கும் பொதுவானவை. அதன்பின் வழி பிரிகிறது: ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர், பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். பிள்ளை எதை வைத்து விளையாட வேண்டும் என்பதைக்கூட மரபு அவ்வளவு முன்னதாகவே வகுத்துவிட்டது. அதுவும் தெய்வங்களையும் அரசர்களையும் பாடிய மரபு. களையெடுக்கப் போனவள் வரப்பில் கிடத்திய பிள்ளைக்கு அதில் இடம் இருந்ததில்லை.

அந்தப் பிள்ளைக்கு ஒரு வயது வரம்பைத் தந்தது, தாமதமாகவேனும், சட்டம்தான். 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயது நிரம்பியவரை ஆலைக்குள் அனுமதித்து, 12 வயது வரை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அன்று அதுவே பெரிய சலுகை. அந்த ஏழு, 1891இல் ஒன்பதாகவும், 1922இல் 12 ஆகவும், 1948இல் 14 ஆகவும் உயர்ந்தது. பெண்ணின் திருமண வயதும் 1929இல் 14, 1949இல் 15, 1978இல் 18 என்று படிப்படியாகவே ஏறியது. 1929இல் அந்த வரம்பை வகுத்த சாரதா சட்டத்தை அன்று சமயத்தின் பெயரால் எதிர்த்தவர்கள் படிக்காதவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவைக்கலாம்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தையும் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வரும் பிள்ளை அதுவரை அந்த வீட்டின் கவலை; அன்று முதல் ஊரின் பொறுப்பு.

இத்தனை தூரம் வந்தும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் திருமணச் சட்டத்திலும் 18 வயது வரை குழந்தையாக இருக்கும் பெண்ணுக்கு, இலவசக் கட்டாயக் கல்வி உரிமை மட்டும் 14 வயதோடு முடிந்துவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமோ, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு அபாயகரமான வேலைகளை மட்டுமே தடுக்கிறது. அப்பாவின் பூக்கடையில் மாலையில் சற்று நேரம் உட்காரும் பையனைக் கொத்தடிமை என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிக்கும் வீட்டிலும், சுங்குடிச் சேலைக்குச் சாயமிட முடிச்சுப் போடும் வீட்டிலும், உதவி எந்த மணியில் வேலையாக மாறுகிறது என்று கணக்குப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பெண்ணின் வீட்டில் அடுத்த பேச்சு என்னவாக இருக்கும் என்பது நம் பக்கத்து ஊர்களை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, கல்வி உரிமைச் சட்டத்தின் வயது வரம்பை 18 ஆக உயர்த்த வேண்டும் என்று நம் தொகுதி மக்களவை உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் கோர வேண்டும். அதற்குத் தங்கள் நாளிதழ் ஒரு தலையங்கம் எழுதி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பழங்காநத்தம், மதுரை.