மறுபடியும் 'அந்த நாள்'

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, கைத்தடி இல்லாமல் கோயில் வரை நடந்து வருகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு என் ஆசிகளைச் சொல். இங்கே எல்லோரும் நலம். மாடி அறை வேலை முடிந்துவிட்டது, நல்ல காற்று வருகிறது. தீபாவளிக்கு வந்தால் அங்கேயே தங்கிக்கொள்ளலாம்.

போன வாரம் 'அந்த நாள்' படத்தை மறுபடியும் பார்த்தேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி தள்ளாடிச் சாய்கிறார். படம் வந்தது 1954இல். 'பராசக்தி' வெளியாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவர் வசனங்களை ஊரே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த சமயம். அவரை எடுத்த எடுப்பிலேயே பிணமாக்கிவிட்டு, பிறகு மற்றவர்களின் வாக்குமூலங்களில் மட்டும் நடமாட விடுவதற்கு இயக்குநர் எஸ். பாலசந்தருக்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

இந்தப் படம் என்றாலே பாட்டே இல்லாததைத்தான் நீ முதலில் சொல்வாய். வீணையில் கரைகண்ட பாலசந்தர் ஒரு பாட்டுக்கும் இடம் தராமல் படம் எடுத்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. இந்த முறை என்னை உலுக்கியவர், சிவாஜியின் மனைவி உஷாவாக வரும் பண்டரிபாய். கொலை யாரால் நடந்தது என்று தெரிந்துகொண்டு பார், உஷாவின் முகத்தை விட்டுக் கண் நகராது. அண்டைவீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, நாட்டியக்காரி என்று ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். சொத்துத் தகராறும் பழைய மனக்கசப்பும் வெளியே கொட்டுகின்றன. ஜாவர் சீதாராமனின் துப்பறியும் அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த வீட்டில் உண்மையாகவே துக்கப்படுகிறவள் உஷா ஒருத்திதான். உண்மையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறவளும் அவள்தான். 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடியாக வந்தவர் அதே பண்டரிபாய் என்பதையும் நினைத்துப் பார்.

கணவனே கண்கண்ட தெய்வம் என்று திரையில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவனுக்கு எதிராகத் துப்பாக்கியை எடுக்கும் மனைவி! பாட்டை விட்டதைவிட இதுதான் பெரிய துணிச்சல் என்று நான் அடித்துச் சொல்வேன்.

கதை 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட நாட்களில் நடக்கிறது. அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில், ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் மூட்டை முடிச்சோடு சென்னையைக் காலி செய்து போனவர்கள் ஏராளம். 12 வருடம் கழித்துக் கொட்டகையில் உட்கார்ந்து ஜப்பான் உளவாளியின் கதையைப் பார்த்தவர்களில் பலர் அந்தப் பயத்தை நேரில் அனுபவித்தவர்கள். நாம் பிறகு பார்த்தோம்; அவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தீராத ஆசை, கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் பெரியவர்கள் இல்லை.

சிவாஜி நடித்த ராஜனை வெறும் வில்லனாக எழுதாததுதான், கதை வசனமும் எழுதிய ஜாவர் சீதாராமனின் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. அவன் ரேடியோ என்ஜினியர். ஏழைக்கும் எட்டுகிற விலையில் ரேடியோ செய்ய வேண்டும் என்று கனவு காண்கிறவன். தன் நாடு கைகொடுக்கவில்லை என்ற கசப்பு அவனைத் துரோகம்வரை கொண்டுபோகிறது. அவன் பேசும்போது அந்த நியாயத்தில் நமக்கும் சற்று மயக்கம் வருகிறது. சிவாஜி அதைக் குரலை உயர்த்தாமல், பாதி இருட்டில் நின்றுகொண்டே செய்துவிடுகிறார். மாருதி ராவின் ஒளிப்பதிவுக்கும் அதில் சம பங்கு உண்டு.

ராஜன் மேல் உனக்கு எப்போதும் இரக்கம் அதிகம். நான் உஷா கட்சி. படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, இப்போதும் அவன் பக்கம்தானா என்று எழுது. காரணத்தோடு எழுது, விட மாட்டேன்.

என்றும் உன் நண்பன்