ஹமீதுக்கு, அந்த ஐந்து சென்ட் பற்றி

அன்புள்ள ஹமீது,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, சீரியல் பார்த்துத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள். தாசன் மறுபடியும் சீட்டுப் பிடிக்கிறான். உன்னையும் சேர்க்கப் பார்ப்பான், போனை எடுக்காதே.

குளச்சல் பக்கம் நீ வாங்க நினைக்கும் அந்த ஐந்து சென்ட் மனையைப் பார்த்துவிட்டு வந்தேன். கண் விழித்தால் கடல் தெரியவேண்டும் என்றாயே, தாராளமாகத் தெரிகிறது. மஸ்கட்டில் பார்த்த கடல் போதாதா மக்கா உனக்கு? அங்கே நின்றுகொண்டு நான் பார்த்தது பின்பக்கத்தை. கரையை ஒட்டி ஓடும் ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய். தாண்டுவதற்குப் பாலம் எங்கே என்று கேட்டால், தரகர் சென்ட் விலையைச் சொல்கிறார்.

2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தபோது, நீ இங்கே இல்லை. காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது, 9.1 அளவில். நம் கரைக்கு அலை வருவதற்குள் சில மணி நேரம் கிடைத்தது, சொல்லத்தான் யாரும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை வேறு. வரைபடத்தில் இலங்கை நமக்கு மறைப்பாக நிற்கிறது, ஆனால் அலை அதைச் சுற்றி வளைந்து வந்துவிட்டது. கொட்டில்பாட்டில் கடலுக்குப் பயந்து ஓடியவர்களை இந்தக் கால்வாய் மறித்தது. எத்தனையோ பேர் அதில் விழுந்துதான் போனார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் 800 உயிர்களுக்கு அருகில். மணக்குடியில் பாலத்தின் கான்கிரீட் தட்டுகளையே தண்ணீர் பெயர்த்துத் தள்ளியது. மேலமணக்குடியும் கீழமணக்குடியும் எதிரெதிரே பார்த்துக்கொண்டு, சுற்றிப் போகவேண்டியதாயிற்று.

எல்லைக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம் என்பாய். கேரளத்தில் அதிகம் பேர் செத்த கொல்லம் ஆலப்பாட்டிலும் இதே அமைப்புதான்: முன்னால் கடல், பின்னால் கால்வாய், நடுவில் ஒரு ரிப்பன் மாதிரி ஊர். பிறகுதான், 2006-ல், அங்கே தப்பிப்பதற்கென்று ஒரு நடைபாலம் கட்டினார்கள்.

கல் கொட்டியிருக்கிறார்கள், தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்பு) இருக்கிறது என்றெல்லாம் தரகர் சொல்கிறார். அவை நாள்தோறும் கரையை அரிக்கிற அலைக்கு, ஹமீது. ஜப்பானில் தாரோ என்ற ஊரில் 10 மீட்டர் உயரச் சுவர் இருந்தது. 2011 மார்ச்சில் கடல் அதையும் தாண்டி வந்தது. அதே நாளில் கமாய்ஷியில் பள்ளிப் பிள்ளைகள் யாருக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். பழகி வைத்திருந்தார்கள், ஓட வழியும் மேடும் இருந்தன.

இப்போது ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2007 முதல். நல்லதுதான். நிலநடுக்கம் வந்த சில நிமிடங்களில் அவர்கள் சொல்லிவிடுவார்கள். சொன்ன பிறகு உன் மூட்டுவலியோடும் ஆமினாவோடும் நீ எந்தப் பக்கம் ஓடுவாய்? நான் பார்த்த பாதையில் ஒரு ஆட்டோ நின்றால் இன்னொன்று போக இடமில்லை.

கால்வாய்க்கு வடக்கே ஏழு சென்ட் ஒன்று இருக்கிறது. கடல் தெரியாது, சத்தம் கேட்கும். கிணற்றில் உப்பு இல்லை, குடித்துப் பார்த்தேன். தரகர் இந்த வாரம் உன்னைக் கூப்பிடுவார். முன்பணம் என்ற பேச்சே எடுக்காதே. ஆமினாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடு, முடிவு அவள் எடுக்கட்டும்.

அன்புடன்,
சேவியர்