விரிச்சி

வெள்ளவத்தை

அன்பின் மச்சான்,

நான் நலம். உன் நலமறிய ஆவல். மகளுக்கு இது ஏழாம் மாதம். சின்னம்மா யாழ்ப்பாணத்திலிருந்து துணைக்கு வந்து நிற்கிறா. பக்கத்து வீட்டுச் சின்னவனைக் கண்டால் விடமாட்டா. "அக்காவுக்குத் தம்பிப் பாப்பாவோ, தங்கச்சிப் பாப்பாவோ?" என்று கேட்டபடியே இருக்கிறா.

அதைப் பார்க்கத்தான் விரிச்சி என்ற சொல் நினைவுக்கு வந்தது. யாரோ தற்செயலாகச் சொல்லும் பேச்சைக் காத்து நின்று கேட்டு, அதை நிமித்தமாக எடுத்துக்கொள்வதுதான் விரிச்சி. தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய் முல்லைப்பாட்டை மறுபடி வாசித்தேன். 103 அடிகள்தான். போருக்குப் போன தலைவன் வரவில்லை. மழை பெய்த மாலையில் முதிய பெண்கள் ஊரின் பக்கமாகப் போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கைதொழுது நிற்கிறார்கள். 'பெருமுது பெண்டிர் விரிச்சி நிற்ப' என்கிறார் நப்பூதனார். அங்கே ஓர் ஆயர் மகள், குளிரில் நடுங்கும் தோளில் கைகளைக் கட்டிக்கொண்டு, தவிக்கிற கன்றைப் பார்த்து 'இன்னே வருகுவர் தாயர்', இப்போதே உன் தாய்மார் வந்துவிடுவார்கள், என்கிறாள். கன்றுக்குச் சொன்ன ஆறுதல் அது. தலைவியின் துயரம் அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் சொன்னதால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு. கிழவிகள் அதையே நற்சொல்லாக எடுத்துக்கொண்டு தலைவியைத் தேற்றுகிறார்கள்.

சகுனம் வடசொல், அதற்குப் பறவை என்றும் பொருள். தமிழிலும் புள் என்றால் பறவை, நிமித்தம் இரண்டும்தான். ஆனால் விரிச்சிக்கு மனித வாய் வேண்டும். தொல்காப்பியம், பகைவரின் பசுக்கூட்டத்தைக் கவர்வதைச் சொல்லும் வெட்சித் திணையில் 'பாக்கத்து விரிச்சி' என்கிறது. ஆநிரை கவரப் போன மறவர்களும் இப்படிக் காது கொடுத்திருக்கிறார்கள். குறுந்தொகை 218இல், பிரிந்தவன் மேல் மனம் கசந்த தலைவி 'புள்ளும் ஓராம் விரிச்சியும் நில்லாம்' என்கிறாள்; புள் நிமித்தமும் பார்க்க மாட்டோம், விரிச்சிக்கும் நிற்க மாட்டோம் என்று பொருள். புள்ளை ஓர்ப்பார்கள், விரிச்சிக்கு நிற்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்த 'நிற்றல்'தான். யாரையும் கேட்கக் கூடாது, வாயைக் கிளறக் கூடாது, தானாக வரும்வரை நிற்க வேண்டும். சின்னம்மா செய்வது அதற்கு நெருங்கிய உறவு, ஆனால் விரிச்சி ஆகாது. அவ கேட்டுப் பெறுகிறா. சின்னவனும் பிஸ்கட்டுக்குத் தக்கபடி பதிலை மாற்றுகிறான்.

சரி, உன் அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுது. உங்கள் ஊரில் இப்படிப் பிறர் வாய்ச்சொல்லுக்குக் காத்து நிற்கும் வழக்கம் இருந்ததா? இருந்தால் அதை என்ன பெயரில் சொன்னார்கள்? அவவின் காலத்துச் சொற்கள் போய்விடுமுன் எழுதி வைக்க வேண்டும். மகளின் செய்தி வந்ததும் உனக்குத்தான் முதல் அழைப்பு.

அன்புடன்,
உன் மச்சான்