ஒரு கோணிப்பை விதைக்கு நன்றி

வேலூர், அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம், அப்புறம் மலைமேல் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

காடு வளர்ப்புப் பயிற்சி முகாம் நேற்று முடிந்தது. "இந்த வருஷம் நடக்குமா?" என்று போனில் கேட்டவர்களுக்கு முதல் பதில் இதுதான்: நடந்தது, சான்றிதழ்கூடக் கொடுத்தாயிற்று. மலையில் தீப்பிடித்த அந்த ராத்திரியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் கையில் தழைக்கொத்தோடு அங்கேதான் நின்றீர்கள், மீதிப் பேர் மொட்டைமாடியிலிருந்து பார்த்துக்கொண்டே எங்களுக்குப் போன் போட்டீர்கள். நாற்றங்கால் போச்சு, விதை அறை போச்சு, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்குமேல் அதைக் கிளற மனசு வரவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். எல்லாரையும் தனித்தனியாகச் சொன்னால் மடல் முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். விடியும்வரை கீழே இறங்காத வனக்காப்பாளர்களுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் நன்றி. வண்டி ஏறாத இடத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிய சுயஉதவிக் குழு அக்காக்களுக்கும், வாடகை பேசாமல் மண் அடித்துக் கொடுத்த டிராக்டர் அண்ணனுக்கும், எரிந்துபோன பாடக் குறிப்புகளை ஒரே ராத்திரியில் மறுபடி அச்சடித்துத் தந்த காட்பாடி அச்சகத்துக்கும் நன்றி. சந்தன நாற்றைப் பக்கத்தில் துவரைச் செடியோடு சேர்த்தே கொடுத்தனுப்பிய நாற்றங்கால்காரருக்குத் தனியாக ஒரு கும்பிடு. சந்தனத்தின் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றித்தான் பிழைக்கும் என்று நாங்கள் வகுப்பில் சொல்ல வேண்டியதே இல்லாமல் போனது, பையைப் பிரித்துக் காட்டினால் போதுமாக இருந்தது. பணம் அனுப்பியவர்களுக்குக் கணக்கு தனியாக வரும்.

இனி ஆயா.

தீ அணைந்த பிறகு முகாமைத் தள்ளிவைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். விதையே இல்லாமல் விதை நேர்த்தி வகுப்பு எப்படி நடத்துவது? அந்த நேரத்தில் ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு ஆயா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் யாருக்கும் அவரை முன்பின் தெரியாது. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் அவருக்கு டிக்கெட் காசு கிடையாது, மூட்டைக்கு மட்டும் லக்கேஜ் போட்டிருக்கிறார்கள், அந்தக் கோபம் முகத்தில் இன்னும் இருந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னா நைனா, வெதையெல்லாம் வெந்து பூட்ச்சாமே. இது ஆடு துப்புனது. ஒதவுமா பாரு."

கோணியைப் பிரித்தால் உள்ளே வெள்வேல் விதை, கருவேல் விதை, கொஞ்சம் இலந்தைக் கொட்டை. புழுக்கை வாசம்கூட இல்லாமல் சலித்துப் புடைத்த விதை.

தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வேல மரத்து விதைகளின் தோல் ரொம்பக் கெட்டி. தண்ணீர் சுலபத்தில் உள்ளே இறங்காது, அப்படியே மண்ணில் போட்டால் பல விதைகள் முளைக்காமல் கிடக்கும். அதனால்தான் நாற்றங்காலில் வெந்நீரில் ஊறவைப்பார்கள், மணலில் தேய்ப்பார்கள், சிலர் ஆசிட்டில் முக்குவார்கள். கோடையில் புல் காய்ந்தபிறகு ஆடுகளுக்கு இந்த மரங்களின் நெற்றுதான் தீனி. ஆடு சதையைத் தின்று செரித்துவிட்டு விதையை ராத்திரி பட்டியில் அசைபோடும்போது துப்பிவிடும், கொஞ்சம் புழுக்கையோடு விழும். வாயும் வயிறுமாகச் சேர்ந்து தோலை இளக்கிவிடுவதால் அந்த விதை சீக்கிரம் முளைக்கும். கருவேல் விதை வேண்டுமென்றால் ஆட்டுப்பட்டிக்குப் போ என்பது நாற்றங்கால் வேலையில் ஊறிய பழைய ஆட்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

ஆனால் ஆயா விதையை நமக்காகச் சேர்த்து வைக்கவில்லை. அவர் பட்டி எருவை விற்கிறவர். எரு வாங்கிப்போன விவசாயிகள் நிலத்தில் முள்செடி முளைக்கிறது என்று திட்டுகிறார்களாம். அதனால் சலித்துத்தான் கொடுப்பார், சல்லடையில் நின்ற விதையை வீட்டுக்குப் பின்னால் கொட்டி வைப்பார். அந்தக் குவியல்தான் இந்த மூட்டை. வெறுமனே அள்ளிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாலும் நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். அவர் அப்படி வரவில்லை. சீமைக்கருவேலமும் இதே ஆட்டு வயிறு வழியாகத்தான் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. அந்த விதையை மட்டும் முறத்தில் போட்டு உட்கார்ந்து பொறுக்கி எறிந்துவிட்டு வந்திருக்கிறார். கண்ணாடி போடாத கண். எங்கள் பயிற்சிப் பிள்ளைகள் ஒரு தட்டு விதையைப் பரப்பி வைத்துத் தேடினார்கள். தப்பியது ஒன்றிரண்டுதான்.

அதை ஏன் பொறுக்கினீர்கள் என்று கேட்டதற்கு, "அது மொளச்சா வேற இன்னா மொளைக்கும்?" என்றார். அந்நியச் செடிகள் பற்றி நாங்கள் தயாரித்து வைத்திருந்த வகுப்பில் முதல் அரை மணி நேரம் மிச்சமானது.

டீ குடித்தார். பையன் ஒருவன் பஸ் ஏற்றிவிடப் போனான். காசு கொடுக்கப் பார்த்தோம், வாங்கவில்லை. கோணியை மட்டும் மறக்காமல் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முகாமில் அந்த விதையை ஒரு தட்டிலும், கடையில் வாங்கி வெந்நீரில் ஊறவைத்த விதையை இன்னொரு தட்டிலும் போட்டோம். ஆயாவின் தட்டு முந்திக்கொண்டது. மலையிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை, கல்லூரிப் பிள்ளைகள்தான் வளைத்து வளைத்துப் படம் எடுத்தார்கள்.

எங்கள் பாடக் குறிப்பில் மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்கா நாட்டு குவானகாஸ்தே காடு பற்றி ஒரு பக்கம் உண்டு. நம் ஜவ்வாது மலை மாதிரியே அதுவும் கோடையில் இலை உதிர்க்கும் காய்ந்த காடு. மேய்ச்சலுக்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த புல் மண்டி, வருஷாவருஷம் தீ வைத்து, காடு துண்டு துண்டாகிக் கிடந்தது. 1980களில் டேனியல் ஜான்சென், வின்னி ஹால்வாக்ஸ் தம்பதி அங்கே காட்டை மீட்கும் வேலையைத் தொடங்கியபோது நாற்று நடுவதைவிடத் தீயை நிறுத்துவதுதான் பெரிய வேலையாக இருந்தது. குவானகாஸ்தே மரத்தின் காயை அங்கே குதிரையும் மாடும் தின்று விதையைப் பரப்புகின்றன. அந்தப் பக்கத்துச் சாதாரண ஜனங்களையே பூச்சி பிடிக்கவும் இனம் பிரிக்கவும் பயிற்றுவித்து வேலைக்கு வைத்தார்கள். முதல் வகுப்பு 1989இல், நம் வடார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த அதே வருஷம். ஒவ்வொரு முகாமிலும் இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது தூரத்து ஊர்க் கதையாகத்தான் இருக்கும். இந்த முறை வாசித்தபோது எல்லார் கண்ணும் அந்தத் தட்டின் மேல் இருந்தது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்பார்கள். இதில் கோயில் கணக்கு 1981இல் தீர்ந்துவிட்டது, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ராஜா இனிமேல் வேண்டாம். பாலாறு நம் ஒருவர் கையில் இல்லை. மிச்சம் இருப்பது மலை. அந்தத் தீக்குப் பிறகு எனக்கு அந்தக் கேலி காதில் விழுந்தாலே எரிகிறது. ஆனால் போன வாரம் மேலே போய்ப் பார்த்தோம். கருகிய உசிலையின் அடியிலும் வெப்பாலையின் அடியிலும் துளிர் விட்டிருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு வரிசையாகக் குழி வெட்டி நாற்று நட வேண்டாம், பலத்த துளிரை விட்டுவைத்து, சுற்றியுள்ள உண்ணிச்செடியை மட்டும் எடுத்தால் போதும் என்று வகுப்பில் சொன்னோம். வந்திருந்தவர்களில் பலருக்கு அது ஏமாற்றம். செடி நட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தவர்கள் அவர்கள். பரவாயில்லை, அவர்களும் கடைசி நாள்வரை இருந்தார்கள், அவர்களுக்கும் நன்றி.

இனி ஒரு வாக்கு. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். அடுத்த முகாம் முதல் விதை வகுப்பு எங்கள் கொட்டகையில் நடக்காது, ஆயாவின் பட்டியில் நடக்கும். கோயம்புத்தூரிலிருந்து வரும் வல்லுநருக்கு என்ன மதிப்பூதியமோ அதே தொகை, அதே கவர், அதே சால்வை. இதைச் சொல்லப் போனபோது ஆயா சிரித்தார். "ஆட்டை எவன் மேய்ப்பான்?" என்றார். வகுப்பு நடக்கும் நேரத்தில் மேய்க்க ஆள் போடுவதும் எங்கள் செலவு என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் பேசினோம், அது இத்தனை சுலபமாக முடியவில்லை. மழை பிடித்ததும் ஊர்ப் பொது நிலத்தில் இந்த நாற்றுகள் போகும். செடி ஆட்டு வாய்க்கு மேலே உயரும்வரை அந்தப் பக்கம் ஆடு வரக்கூடாது, ஆயாவின் ஆடும்தான். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் வழியை அடைக்கக் கூடாது, முள்வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போடு என்கிறார். வழி விட்டால் வேலி நீளும், செலவும் கூடும். மற்ற ஆட்டுக்காரர்களையும் வைத்து ஆடி பிறப்பதற்குள் ஊரில் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம். முள் வெட்டிப் போட வரக்கூடியவர்கள் சொல்லுங்கள். மதியச் சாப்பாடு உண்டு, கையுறை மட்டும் நீங்களே கொண்டு வர வேண்டும்.