உன் தங்கை மகனைப் பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். செல்போன் திருட்டில் அவன் பிடிபட்டான் என்ற வரி வந்ததும் கை நடுங்கியது. தவழ்கிற வயதில் அவனைத் தோளில் சுமந்து திரிந்தவன் நான். வெறும் ஆறுதல் எழுதி முடித்துவிட மனசு வரவில்லை. "இது அவன் ரத்தத்திலேயே இருக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் குற்றவியல் சொல்லிக்கொடுத்தவனிடம் கேட்டிருக்கிறாய், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இதே கேள்விக்கு 'ஆம்' என்று அடித்துச் சொன்னவர் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ. ஒரு கொள்ளைக்காரனின் மண்டையோட்டில் பின்புறம் ஒரு பள்ளத்தைப் பார்த்தவர், பிறவிக் குற்றவாளி என்று ஒரு மனித இனமே உண்டு என முடிவுகட்டி 1876-இல் புத்தகம் போட்டார். தாடை, காது, நெற்றி என்று அங்க அடையாளமெல்லாம் சொன்னார். பிறகு இங்கிலாந்தில் சிறை மருத்துவராக இருந்த சார்லஸ் கோரிங் ஏறக்குறைய 3,000 கைதிகளை அளந்து, வெளியே இருப்பவர்களோடு ஒப்பிட்டார். 1913-இல் அவர் வெளியிட்ட முடிவு: அப்படி ஒரு தனி உருவம் கிடையாது. ஆனாலும் 'பிறவிப் புத்தி' என்ற பேச்சு இன்னும் வீடுகளில் ஓயவில்லை. அதை உன் வீட்டுக்குள் விடாதே.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. 1940 வாக்கில் ஹார்வர்டைச் சேர்ந்த குளூக் தம்பதியர் பாஸ்டனில் 1,000 பையன்களை ஆராய எடுத்துக்கொண்டார்கள். 500 பேர் சீர்திருத்தப் பள்ளியில் இருந்தவர்கள், 500 பேர் எந்த வம்புக்கும் போகாதவர்கள். அந்தக் காகிதங்கள் பெட்டிகளில் கிடந்து தூசி படிந்தன. பல வருஷம் கழித்து, ஒரு நூலகத்தின் நிலவறையில் இருந்து சாம்ப்சன், லாப் என்ற இருவர் அவற்றை மீட்டார்கள். சீர்திருத்தப் பள்ளிப் பையன்களை 70 வயது வரைக்கும் தேடித் தொடர்ந்தார்கள். அநேகமாக எல்லோருமே ஏதோ ஒரு கட்டத்தில் குற்றத்தை விட்டிருந்தார்கள். சிலர் இருபதுகளில், சிலர் மிகவும் தாமதமாக. நிலையான வேலை, நல்ல துணை, ராணுவச் சேவை என்று எதையாவது பற்றிக்கொண்டு கரையேறியவர்கள் பலர். பெட்டியைத் திறந்த அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். பதின்வயதின் கடைசியில் குற்றம் உச்சத்துக்குப் போய் அப்புறம் சரிவது பல நாடுகளிலும் காண்கிற போக்குதான். உன் தங்கை மகனுக்கு வயது பதினாறு.

அதனால் இப்போது அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்பது முக்கியம். 1951-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் லெமர்ட், நெறி தவறுவதை முதல் பிறழ்வு, இரண்டாம் பிறழ்வு என்று பிரித்தார். முதலாவது யாருக்கும் எதனாலோ நேர்வது. ஊர் 'திருடன்' என்று முத்திரை குத்திய பிறகு, அந்தப் பெயரையே சுமந்துகொண்டு செய்வது இரண்டாவது. உன் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம், கோபத்தில்கூட.

மாப்பிள்ளை அவனை ஜெயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டி மிரட்டப்போகிறாராமே, தயவுசெய்து தடுத்துவிடு. அமெரிக்காவில் இதை ஒரு திட்டமாகவே நடத்தினார்கள். கூட்டிப்போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், போனவர்கள்தான் பிறகு அதிகம் தப்புச் செய்தார்கள்.

செய்ய வேண்டியதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1974-இல் கனடாவின் எல்மைராவில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் குடிபோதையில் 22 பேரின் உடைமைகளை நாசம் செய்தார்கள். நன்னடத்தை அதிகாரி ஒருவர், இவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வாசலுக்கே அனுப்பலாமே என்று யோசனை சொன்னார், நீதிபதி ஒத்துக்கொண்டார். கதவு கதவாகத் தட்டி, முகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டு, நஷ்டத்தைக் கட்டினார்கள். தண்டிப்பதோடு நிற்காமல் நேர்ந்த பாதிப்பைச் சரிசெய்யப் பார்ப்பதை இன்று சீரமைப்பு நீதி என்கிறார்கள்; அதற்கு அந்த வழக்கு ஒரு தொடக்கம். வருஷங்கள் கழித்து அவர்களில் ஒருவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, பேச வந்தவர் இதே வழக்கை உதாரணம் காட்டினார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, அது தன் கதை என்று.

நான் வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கண்ணில் புரை வளர்கிறது, அடுத்த மாதம் ஆபரேஷன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

ஒன்று மட்டும் மனசில் உறுத்துகிறது. வக்கீல், ஸ்டேஷன், அவமானம், தங்கையின் அழுகை என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். போனைப் பறிகொடுத்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் யார், எப்படி இருக்கிறார், அதில் என்ன வைத்திருந்தார்? வக்கீலிடம் கேட்டுக்கொண்டு, அவருக்கும் சம்மதமென்றால், பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார். நீயும் கூடப் போ. என்ன நடந்தது என்று எனக்கு எழுது.

உன் பழைய நண்பன்