கணப்பு மூட்டும் முன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஊட்டி வீட்டில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் இது முதல் குளிர்காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தலைகுந்தா பக்கம் உறைபனியில் புல்வெளி வெளுக்கத் தொடங்கிவிடும். அதற்குள் முன்னறைக் கணப்பையும் புகைபோக்கியையும் ஒழுங்குசெய்ய வேண்டும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

முதலில் விறகைப் பார். புகைபோக்கியில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஈர விறகிலிருந்துதான் தொடங்குகின்றன. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை அப்படியே எரித்தால், வெப்பத்தில் கணிசமான பங்கு அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி, சூடு குறைந்த புகை மந்தமாக மேலேறி, குளிர்ந்த செங்கல் சுவரில் தாராகப் படிந்து, நாளடைவில் கிரியோசோட் என்னும் கறுப்புப் பிசினாக இறுகிவிடும். அதுவே எரியக்கூடிய பொருள். ஒரு பொறி பட்டுப் பற்றிக்கொண்டால் உள்ளே வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய நம் பழைய புகைபோக்கியில் உள்குழாய் கிடையாது என்பதால், விரிசல் வழியே கூரைச் சட்டங்களுக்குத் தீ பரவிவிடும்.

கொட்டகையின் இடப்பக்கம் இருப்பது போன மாசியில் பிளந்து அடுக்கிய சீகை விறகு. அதைத் தாராளமாக எரிக்கலாம். வலப்பக்கத்துக் கற்பூர மரக் கட்டைகள் ஆடி மழைக்குப் பிறகு வந்தவை. அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். காய்ந்த விறகின் வெட்டுமுனையில் வெடிப்புகள் ஓடியிருக்கும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். ஈரமானி வைத்துப் பார்ப்பதானால், புதிதாகப் பிளந்த உட்பக்கத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். பின்கட்டில் சாய்ந்து நிற்கும் மரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; நம் நிலத்து மரமானாலும் அனுமதி வாங்கியாக வேண்டும்.

புகைபோக்கியைத் துப்புரவு செய்ய ஆளை வரச்சொல். மழையில் பாசி பிடித்த ஓட்டின் மேல் மாப்பிள்ளை ஏற வேண்டாம். அவர் ஆர்வக்காரர், நீதான் தடுக்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குகிறேன் என்பவர் வேண்டாம், அது செங்கல்லைப் பெயர்த்துவிடும். துவாரத்தின் அளவுக்கேற்ற தூரிகையும் நீட்டுக் கழிகளும் வைத்திருப்பவரே சரி. கணப்பின் வாயை ஈரச் சாக்கால் மூடிய பிறகே வேலையைத் தொடங்கச் சொல், இல்லாவிட்டால் கரித்தூள் சோபா வரைக்கும் வந்து சேரும். சுவரில் படிவு 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சுரண்டி எடுக்காமல் நெருப்பு மூட்டக் கூடாது. உச்சியில் பறவைக் கூடு இருக்கிறதா, மூடியின் வலை கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். கணப்பின் உட்சுவரில் சந்து விட்டிருந்தால் வெறும் சிமெண்டால் பூசவிடாதே, சூட்டில் அது உதிர்ந்துவிடும்; சூடு தாங்கும் ஃபயர் கிளே சாந்து கேட்டு வாங்கு.

மழைக்குப் பின் செங்கல் நீர் கோத்திருக்கும்; ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் சிறிய நெருப்பு போதும். மூட்டும் முன், புகை போகும் வழியை மூடித் திறக்கும் டேம்பர் தகட்டைத் திறந்து, பற்றவைத்த செய்தித்தாள் சுருளைப் புகைபோக்கியின் அடிவாய்க்கு நேராகச் சற்றுநேரம் பிடித்தால், உள்ளே தேங்கிய குளிர்காற்று சூடேறிப் புகையை மேலே இழுக்கத் தொடங்கும். அப்போது சமையலறை எக்சாஸ்ட் ஃபேன் ஓடக் கூடாது. நீங்கள் போட்டிருக்கும் புதிய அலுமினிய ஜன்னல்கள் காற்றுப் புகாதவை, ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகப் புகைபோக்கி வழியே புகை அறைக்குள் இறங்கும். ஒரு ஜன்னலை விரற்கடை திறந்து வை.

இரவில் கங்கு முழுதும் அணைவதற்கு முன் டேம்பரை மூடாதே. கங்கிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த அறையில் கரியை எரியவிட்டுத் தூங்கியவர்கள் விழிக்காமலே போன செய்திகள் மலையூர்களில் புதிதல்ல. அதற்கான அலாரம் ஒன்று வாங்கிப் படுக்கையறைக்கு அருகில் மாட்டு. இதில் சிக்கனம் வேண்டாம்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுச் சுவரை ஒட்டாமல் வெளியே வை. உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். நன்றாக ஆறியபின் கேரட் பாத்தியில் லேசாகத் தூவலாம், நம் புளித்த மண்ணுக்கு நல்லது. உருளைக்கிழங்குப் பாத்தியில் மட்டும் போடாதே, கிழங்கில் சொறி விழும்.

துப்புரவு ஆள் வந்துபோனதும் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அப்பா