பில் தாமதத்தைத் தீர்க்கப் பாதுகாப்பைத் திறந்துவிட்டது குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
ஜவ்வரிசி மொத்த வியாபாரம்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

ஐயா,

வணக்கம். எங்கள் பில், சரக்கு இருப்பு, பாக்கிக் கணக்கு எல்லாம் ஐபிஎம் மிட்ரேஞ்ச் (நடுத்தர அளவு) கணினியில் ஓடுகின்றன. 1988இல் வந்த ஏஎஸ்/400 காலத்திலிருந்தே அந்த வரிசையை நம்பியிருக்கிறோம். அது எங்களைக் கைவிட்டதில்லை. நீங்கள் பாதுகாப்பு மென்பொருளைப் பொருத்திய பிறகுதான் தொல்லை தொடங்கியது.

மேசைக் கணினியிலிருந்து போகும் ஒவ்வொரு வினவலையும் உங்கள் எக்சிட் புரோகிராம் (வரும் கோரிக்கையை இடைமறிக்கும் நிரல்) நிறுத்தி, விசாரித்து, பதிவு எழுதிய பிறகே உள்ளே விட்டது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு கோப்புக்கும் ஆள்வாரியாகத் தனித்தனி அதிகாரம் வேறு. நவராத்திரி விரதத்துக்காக மகாராஷ்டிரத்துக்கு லோடு ஏறும் நாட்களில் ஒரு பில் வர நான்கு நிமிடம் ஆனது. சுமைதூக்கும் தொழிலாளர்கள் இரவு பத்து மணிவரை லாரியடியில் காத்துக் கிடந்தார்கள்.

புகார் செய்தோம். உங்கள் பொறியாளர் வந்து சென்ற மறுநாளே வேகம் திரும்பியது. மகிழ்ந்து நன்றியும் சொன்னேன். எங்களுக்குப் புரோகிராம் எழுதித் தந்தவர் சென்ற வாரம் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பில் போடும் பையன் உட்பட 11 பேருக்கும் ‘ஆல் ஆப்ஜெக்ட்’ அதிகாரம், அதாவது கணினியில் உள்ள எதையும் தொடும் அதிகாரம், கொடுக்கப்பட்டிருக்கிறது! கணினி முதலில் பார்ப்பது அந்த அதிகாரத்தைத்தான். அது இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்காது. உங்கள் மென்பொருளும் அவர்களை விசாரிக்காமல் விடும்படி மாற்றப்பட்டிருக்கிறது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தணிக்கைப் பதிவில் எல்லாம் இருக்கிறது.

ஆத்தூர்ப் பக்கத்து ஆலைக்காரர்களுக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கியை இன்று அந்த 11 பேரில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அழிக்கலாம். அவர்கள் எங்கள் கணக்கை நம்பிச் சரக்கு அனுப்புகிறவர்கள். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த அதிகாரத்தை இந்த வாரத்துக்குள் 11 பேரிடமிருந்தும் நீக்குங்கள். ஆள்வாரி அதிகாரத்துக்குப் பதில் பயனர் குழுவும், பல கோப்புகளுக்கும் பொதுவான அதிகாரப் பட்டியலும் அமையுங்கள். பில் புரோகிராம், ஓடும்போது மட்டும் கணினியில் தன் உரிமையாளராகப் பதிவான பயனரின் அதிகாரத்தைப் பயன்படுத்தட்டும். விசாரணை, இணைப்பு தொடங்கும்போது ஒருமுறை நடந்தால் போதும்; வினவல்தோறும் பதிவு எழுதுவது பாக்கி, விலைக் கோப்புகளுக்கு மட்டும் இருக்கட்டும். வேலை முடியும்வரை மாதச் சந்தா செலுத்த மாட்டோம். இந்த மாற்றத்தை அனுமதித்தவர் யார் என்பதை எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்